மைனஸ் அண்ணையும் இரண்டு யானைகளும்

கண்டியில் பிறந்தவர்கள், கண்டிக்குப் பிழைக்க வந்தவர்கள், கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் கண்டியைக் கடக்கும்போது ஜன்னலால் எட்டிப் பார்த்தவர்கள், இத்தனை பேரிலும் அதிகம் பயந்த மனிதர் மைனஸ் அண்ணைதான். மறுப்பவர்கள் யாராவது இருந்தால் என் வீட்டுக்கு வரலாம். தேத்தண்ணி கொடுத்து, பேசித் தோற்கடித்து அனுப்புகிறேன்.

மழை பெய்தால் பயப்படுவார். பெய்யாவிட்டால், இனிமேல் சேர்த்து வைத்துப் பெய்யப்போகிறதே என்று பயப்படுவார். நாய் குரைத்தால் ஒதுங்குவார். குரைக்காத நாயைக் கண்டால் அடுத்த தெருவால் சுற்றிப் போவார். இதெல்லாம் சில்லறைப் பயங்கள். அவருடைய பெரும்பயம் ஒரு சின்னக் கோடு. கணக்கில் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே படுத்துக் கிடக்குமே, அந்த மைனஸ் குறி. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போய்விடுமோ, இல்லாத இடத்தில் வந்துவிடுமோ என்று யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்த நாள் முதல் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் மைனஸ் அண்ணை. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரும் கூப்பிட்டதால் நானும் அண்ணை என்றே கூப்பிட்டேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் இருவரும் ஒரு கம்பிவழிக் கம்பெனியில் படவரைஞர்கள். தேயிலைத் தோட்டங்களில் மலையுச்சியில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் தொங்கவிட்டு, கீழே பெக்டரிக்கு இறக்குவார்கள். நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அந்தக் கம்பி 'கிர்ர்ர்' என்று போகிற சத்தத்தில்தான் தூங்கி வளர்ந்தேன். இரண்டு தூணுக்கு நடுவே கம்பி எவ்வளவு தொய்யும் என்று கணக்குப் பார்த்துப் படம் வரைவது எங்கள் வேலை.

தொங்கும் கம்பி சும்மா தொங்குவதில்லை. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதிபரவளைவுச் சார்பு என்று இப்போது புத்தகங்களில் கம்பீரமாகப் பெயர் போடுகிறார்கள். எங்களுக்கு அது 'வால் கணக்கு'. சாதாரண கொஸ், சைன் என்று கோணக் கணக்கில் இரண்டு பேர் உண்டல்லவா? அவர்களுக்குப் பின்னால் 'எச்' என்ற ஆங்கில எழுத்தை வாலாக ஒட்டினால் வால் கொஸ், வால் சைன். தொங்குகிற கம்பியின் வடிவம் வால் கொஸ்.

இதை விளக்க எங்கள் போர்டிங் அறையில் அண்ணை சுவரில் இரண்டு ஆணி அடித்து, தன் பைக்கடிகாரச் சங்கிலியைக் கழற்றித் தொங்கவிட்டார். மஹய்யாவையில் இருந்த அந்தப் போர்டிங்கின் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் நானா. ஆணிச் சத்தம் கேட்டு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"யா அல்லா! புதுசா சுண்ணாம்பு அடிச்ச சுவரு! இது என்ன வேல?"

"நானா, இதுதான் வால் கொஸ்," என்றார் அண்ணை.

நானா சங்கிலியைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ஒங்கட கூட்டாளிக்கு மண்டையில ஏதும் ஈக்கா?" என்று கேட்டார். எனக்கே அது அவ்வளவு தெளிவில்லை.

கம்பெனியில் உதவி எஞ்சினியர் ஆக வருடத்துக்கு ஒரு பரீட்சை. தாள் தலைமைக் கந்தோரிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறையில் வரும். அண்ணை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவர். மூன்றுக்கும் காரணம் அந்தச் சின்னக் கோடுதான்.

முதல் தடவை, கொஸ் வர்க்கமும் சைன் வர்க்கமும் கூட்டினால் ஒன்று என்பதை அப்படியே வால் கணக்கிலும் எழுதிவிட்டார். வால் வைத்தவர்களைக் கூட்டினால் ஒன்று வராது, கழிக்க வேண்டும். பிளஸ் போட்டார், போச்சு. அடுத்த வருடம், அப்படியா சங்கதி என்று கண்ட இடமெல்லாம் மைனஸ் போட்டார். இரண்டு கோணத்தைக் கூட்டி சைன் எடுக்கும் சமன்பாட்டில் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே ஒரு சைன்தான். அங்கே குறி மாறவே கூடாது. மாற்றினார், போச்சு. மூன்றாம் வருடம் விதியைக் கண்டுபிடித்துவிட்டார்: இரண்டு சைன் சேர்ந்து பெருக்கப்படும் இடத்தில் மட்டும் குறி மாறும். ஆனால் தாளில் வந்தது டான் வர்க்கம். அதில் சைனே கண்ணுக்குத் தெரியவில்லையே என்று சும்மா விட்டார். டான் என்பதே சைனைக் கொஸ்ஸால் வகுத்து வருவதுதான். டான் வர்க்கத்துக்குள்ளே இரண்டு சைன் ஒளிந்திருந்தது. போச்சு.

"ஏன் அண்ணை ரெண்டு பேரு சேந்தா மட்டும் மாறுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐசே, இந்த வால் சைன் இருக்கிறானே, அவன்ரை காற்சட்டைப் பையுக்குள்ளை ஒரு கற்பனை எண் ஒளிச்சு வைச்சிருக்கிறான். தனிய வந்தால் ஒருத்தருக்கும் காட்டான். நல்ல பிள்ளை மாதிரி நிப்பான். ரெண்டு பேர் சந்திச்சுப் பெருகினால் ரெண்டு பேரின்ரை பையிலை இருக்கிறதும் வெளியிலை வந்து, வர்க்கமாகி, ஒரு மைனஸைப் போட்டுட்டுப் போகும். கொஸ் பாவம், அவன்ரை பையிலை ஒண்டுமில்லை. விளங்குதோ?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று தோல்விக்குப் பிறகு மனிதர் இந்த விதியைத் தாளிலிருந்து எடுத்துத் தெருவில் விட்டுவிட்டார். வெளியே புறப்படும்போது ஒரே மாதிரி இரண்டு பேர் சேர்ந்து எதிரே வந்தால் குறி மாறிவிட்டது என்று அர்த்தம். போகிற காரியம் பிளஸ் என்றால் மைனஸ் ஆகிவிட்டது, திரும்பிவிட வேண்டும். பாண் ரொட்டி வாங்கப் போனார், இரண்டு பொலிஸ்காரர்கள் சேர்ந்து வந்தார்கள், வெறுங்கையோடு வந்து பட்டினி கிடந்தார். பல் பிடுங்கப் பயந்து பயந்து போனவர் எதிரே இரண்டு பிக்குமாரைக் கண்டதும் கும்பிட்டு, சிரித்த முகத்தோடு வீக்கத்தையும் கொண்டுவந்து சேர்ந்தார்.

நான்கு வந்தால் சரி. இரண்டு தரம் மாறி பழையபடி ஆகிவிடும். அதனால் ஒரு சோடி கண்ணில் பட்டால் இன்னொரு சோடி வரும்வரை தெருவோரம் நின்று பார்ப்பார். ஒருமுறை மார்க்கட் வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். நானாவுக்கே மனசு கேட்காமல் தன் இரண்டு ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய் அவர் முன்னால் நடத்திக் காட்டி, "இந்தா மனே, ரெண்டு ஈக்கி. இப்ப ஊட்டுக்கு வாங்க, சோறு ஆறுது," என்று கூட்டிவந்தார்.

மழை நாளில்தான் பெரும்பாடு. ஒற்றைக் குடை எதிரே வந்தால் போதும். குனிந்து, எட்டி, குடைக்குக் கீழே எத்தனை காலென்று எண்ணுவார். "குடைக்குள்ளை ரெண்டு பேர் நிக்கலாம் ஐசே. அதுதான் டான் வர்க்கம். அதிலைதானே போன வருசம் விழுந்தனான்!" என்பார். குடைக்குள்ளிருந்து ஒரு பெண்மணி அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, அவர் சொன்ன கணக்கை மனதில் வாங்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த வருடம் தேயிலை விலை விழுந்தது. தோட்டங்கள் புதுக் கம்பி போடுவதை நிறுத்தின. ஒரு காலையில் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கதிரையில் உட்காரச் சொல்லாமலே சொன்னார்: இனி ஒரு படவரைஞருக்குத்தான் வேலை இருக்கிறது. பரீட்சையில் யார் கூடுதலான புள்ளி எடுக்கிறாரோ அவர் நிற்கலாம். மற்றவர் மாதக் கடைசியில் போகலாம்.

எங்கள் தோட்டத்துக் குடியிருப்பு லயத்திலிருந்து பென்சிலோடு கண்டிக்கு வந்த முதல் ஆள் நான். மகன் தொரமாரோட படம் வரையிறான் என்று அப்பா பெக்டரியில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. திரும்பிப் போய் அந்த முகத்தில் எப்படி முழிப்பது? அண்ணைக்கோ அது நாலாவது தடவை. ஊரில் அவரும் இதே மாதிரி யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்தான். இருவரும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே விளக்கில் படித்தோம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய சங்கிலி மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

பரீட்சைக் காலையில் என் மடக்கை அட்டவணைப் புத்தகத்தைக் காணவில்லை. அலுமாரி, பெட்டி, தலையணைக்கு அடி எல்லாம் தேடிவிட்டேன். அது இல்லாமல் பெரிய எண்களைக் கணக்குப் பார்க்க முடியாது. நேரமாகிவிட்டது. வருவது வரட்டும் என்று கிளம்பினேன். அண்ணை கோட்டு போட்டு, வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசனை.

"வாங்க அண்ணை, போவோம்," என்றேன். இருவரும் சேர்ந்து நடந்தோம்.

மஹய்யாவையிலிருந்து கடைத்தெருவரை ஒரு தொல்லையும் இல்லை. அண்ணை நிலத்தைப் பார்த்தபடி வந்தார். பரீட்சை மண்டபம் ஏரிக்கு அந்தப் பக்கம். ஏரிக்கரைக்குத் திரும்பினோம், எதிரே இரண்டு யானைகள்.

குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, தும்பிக்கையை ஆட்டி, பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகன். இரண்டு யானை! பொலிஸ்காரரைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். யானையைக் காணவில்லை என்று யாரிடம் சொல்வது?

அண்ணையின் முகம் வெளுத்தது. "மாறிப்போச்சு ஐசே. எல்லாம் மாறிப்போச்சு. நீர் போம். நான் வரேல்லை," என்று திரும்பி விறுவிறு என்று நடக்கத் தொடங்கினார்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. நான் அவரைத் தடுக்கவில்லை. மண்டபத்தை நோக்கி நடந்தேன். முதல் பத்து அடி சும்மா நடந்தேன். பிறகு காலில் ஒரு துள்ளல் வந்தது. அண்ணை வரவில்லை என்றால் கதிரை எனக்கு. நான் தள்ளவில்லை, பிடிக்கவில்லை. யானை வந்தது, அவர் போனார். என்மேல் என்ன பிழை? அப்பாவுக்கு எழுதப்போகும் கடிதத்தைக் கூட மனதில் தொடங்கிவிட்டேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' வரைதான் வந்தது. அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. சீ, என்ன மனுசன் நான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

கடைத்தெரு முனையில் பிடித்துவிட்டேன். "அண்ணை, நில்லுங்க! யானை ரெண்டு, பாகன் ரெண்டு. மொத்தம் நாலு. குறி மாறல!"

அந்தப் பதற்றத்திலும் அவருக்குக் கணக்குப் பிசகவில்லை. "உதென்ன கதை? யானை சைன். பாகன் கொஸ். பாகன் எத்தினை பேர் வந்தாலும் குறி மாறாது."

"பாகன் எப்படி கொஸ்?"

"ஒளிச்சு வைச்சிருக்க அவனிட்டை என்ன இருக்கு? கையிலை அங்குசம் தெரியுது. முடிஞ்சுது. சைன் எண்டால் பையுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்க வேணும்."

மண்டபத்தில் மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. வேறு வழி தெரியவில்லை.

"அப்ப நான் சைன்," என்றேன். "நான் ஒளிச்சு வச்சிருக்கேன் அண்ணை. நீங்க திரும்பிப் போனதும் எனக்குச் சந்தோசமா இருந்திச்சு. நீங்க வராட்டி வேல எனக்குன்னு நெனச்சேன். உங்கள விட்டுட்டுப் பாதி ஏரிக்கரை போயிட்டேன்."

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். என் மடக்கை அட்டவணையை எடுத்து என் கையில் வைத்தார்.

"காலமை எடுத்தனான்," என்றார். "நாலாந்தரம் ஐசே. பயத்திலை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. திருப்பித் தருவம் எண்டுதான் வழி முழுக்க நினைச்சுக்கொண்டு வந்தனான்."

நடுத்தெருவில் இருவரும் நின்றோம். ஒரு வண்டிக்காரன் மணியடித்துத் திட்டிக்கொண்டு போனான். பிறகு அண்ணை விரலை மடக்கி எண்ணினார். "யானை ரெண்டு. நாங்கள் ரெண்டு பேர். நாலு சைன்." அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "பிளஸ் ஐசே! ஓடும், கெதியா ஓடும்!"

ஓடினோம். கோட்டு வால் பறக்க, நாற்பது பக்கப் புத்தகத்தை நான் மார்போடு அணைத்துக்கொள்ள, மூச்சு வாங்க ஓடினோம். மண்டப வாசலில் அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்டு சொல்லுறன். விதி விடையை மட்டும்தான் சொல்லும், நிரூபிக்காது. அடியிலிருந்து ஏறி வாரும். சரி பாக்கேக்கை பூச்சியம் போட்டுப் பாராதையும். பூச்சியத்திலை வால் சைன் செத்துப் போவான். பிளஸ்ஸும் சரி, மைனஸும் சரி எண்டு அது பொய் சொல்லும். ஒண்டு போட்டுப் பாரும். அட்டவணை இருக்குத்தானே."

என்னோடு போட்டி போடுகிற மனிதர், மணி அடிக்கிற நேரத்தில், எனக்குச் சொன்ன வார்த்தை இது.

தாளில் முதல் கேள்வியே டான். இரட்டைக் கோணத்தின் கொஸ்ஸை டான் வர்க்கத்தால் எழுதும் பழைய சமன்பாடு. மேலே ஒன்றிலிருந்து டான் வர்க்கத்தைக் கழி, கீழே ஒன்றோடு கூட்டு. இதற்கு வால் வைத்த வடிவம் என்ன? நிரூபி. நான் பார்த்தேன். சைன் எங்கேயும் இல்லை. அப்படியே வால் ஒட்டி எழுதினேன். மனதுக்குள் ஏதோ குடை ஒன்று வந்து நின்றது போலிருந்தது. நேரமில்லை என்று தள்ளிவிட்டேன். ஒன்று போட்டுப் பார்த்தால் அட்டவணையைப் புரட்ட வேண்டும். பூச்சியம் போட்டேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆஹா, பொருந்துகிறதே! பொருந்தியதை நிரூபிக்க ஒன்றரைப் பக்கம் அடித்து, திருத்தி, வளைத்து, கடைசியில் ஒரு மைனஸை யாருக்கும் தெரியாமல் பிளஸ் ஆக்கி முடித்தேன்.

இரண்டு மேசைக்கு அப்பால் அண்ணை அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். ஒன்று ஏறிக்கொண்டே போகும், மற்றது இறங்கிக்கொண்டே போகும், வால் கணக்குக்கு அடியில் இருக்கும் 'ஈ' என்ற எண்ணின் இரண்டு அடுக்குகள். கூட்டிப் பாதியாக்கினால் வால் கொஸ், கழித்துப் பாதியாக்கினால் வால் சைன். ஒவ்வொரு குறிக்கும் முன்னால் பேனாவை நிறுத்தி, உதட்டை அசைத்து, பிறகே கோடு போட்டார். ஒரு கோட்டைக் கூட அவர் பிழையாகப் போடவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கதிரை அவருக்கு. உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது, எனக்கு இருந்தது. ஒரு வாரம் அந்த இரண்டு யானைகளையும், அவற்றைக் குளிப்பாட்டியவர்களையும், திரும்பி ஓடிய என் சொந்தக் கால்களையும் திட்டித் தீர்த்தேன். அண்ணை வெற்றி பெற்ற மனிதர் மாதிரியே நடக்கவில்லை. துரையிடம் போய் இரண்டு பேருக்கும் அரைச் சம்பளம் போடச் சொல்லி அவர் கேட்டது, துரை அவரை வெளியே போகச் சொன்னது எல்லாம் நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா திட்டவில்லை. கொழும்பில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. கோடு, புள்ளி, குறி பார்க்கிற வேலை! அதிலிருந்து எழுத்துக்கு வந்தேன்.

நான் கண்டியை விட்டுப் போன காலையில் அண்ணை ஸ்டேசனுக்கு வந்தார். மழை வேறு. குடைகளையெல்லாம் தாண்டி, கால்களை எண்ணாமல் எப்படி வந்து சேர்ந்தார் என்று இன்றுவரை தெரியாது. நனைந்த பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கோச்சி புறப்படுகிற நேரம் பார்த்து, பிளட்போமின் மறுமுனையிலிருந்து இரண்டு கார்டுமார் சேர்ந்து வந்தார்கள். அண்ணை அவர்களைக் கண்டுவிட்டார். ஜன்னலுக்குள் கையை விட்டு என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவையள் ரெண்டு. நாங்கள் ரெண்டு," என்று முணுமுணுத்தார். "நாலு. நாலு ஐசே. ஒண்டும் நடக்காது. நீர் போயிட்டு வாரும்."

கோச்சி நகர்ந்தது. கை விடுபட்டது. நான் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்டுமார் அவருக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், இரண்டு பேராக. அண்ணை இப்போது ஒற்றை ஆள். ஓடப்போகிறார் என்று நினைத்தேன். வளைவில் கோச்சி திரும்பும்வரை அவர் நின்ற இடத்திலேயே, மழையில், கையைத் தூக்கியபடி நின்றார். என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்.

இத்தனை வருடமாக நானும் அவரைச் சேர்த்தேதான் எண்ணுகிறேன்.